ராணிக்குச் சவரம்

பெங்களூர் கண்டோன்மென்டில், நாடகக் கொட்டகையின் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கையில் சவரப் பெட்டியோடு ஒருவர். அவருக்கு முன்னால் அவருடைய சிநேகிதர், மில் தொழிலாளி.

“இன்னைக்குக் காலையில ராணிக்குச் சவரம் பண்ணேன்ப்பா” என்றார் பெட்டிக்காரர்.

“எந்த ராணிக்கு?”

“நீயே கண்டுபிடி. அவங்க அழுதா இந்தக் கொட்டகையே அழும். உன் வீட்டுக்காரி அவங்களைப் பார்த்துத்தான் கொண்டை போடக் கத்துக்கிட்டா.”

மில்காரர் சுவரில் ஒட்டியிருந்த நாடக நோட்டீஸில் ராணியின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அய்யோ! அந்தம்மா ஆம்பளையா? மூணு வருசமா பாக்கறேன், தெரியலையேப்பா!”

“எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? நாடகக்காரங்க தங்கின வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு நாள் தாடியோட ஒருத்தர் உக்காந்திருந்தாரு. நான் பாட்டுக்கு வழிச்சேன். முடிஞ்சதும் கண்ணாடியில லேசா தலையைச் சாய்ச்சுப் பார்த்தாரு பாரு, அப்படியே ராணி! கத்தியைக் கீழ வச்சுட்டு ‘தாயே’ன்னு கும்பிட்டுட்டேன்.”

“சிரிச்சாரா?”

“இல்லப்பா. என் தலைமேல கை வச்சு ‘நல்லாயிரு மகனே’ன்னாரு. அந்தக் குரல்லயே.”

மில்காரரும் சிரிக்கவில்லை. சிநேகிதரின் தலையை மெல்லத் தொட்டு, அந்த விரல்களைத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.