அந்த நாற்காலி காலியாக இருந்தது

வடிகாலுக்குள் ஓடுகிறேன். இடுப்பளவு தண்ணீர். தம்பி அந்தோணியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிறேன். அவன் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. என் புதுச் சேலைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேன். துணி ஊறிச் சொட்டுகிறது.

கரைமேல் அடியாட்கள்.

"அங்க போறான்டா! விடாத!"

டப். துப்பாக்கி. அதே நேரம் கோயில் பக்கம் படபடவென்று சரவெடி. பூசை முடிந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். எது வெடி, எது துப்பாக்கி என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் குனிகிறேன்.

"மாமா எங்கக்கா?"

"பின்னால வர்றாருடா. தலைய எடுக்காத."

பின்னால் யாரும் வரவில்லை. எனக்குத் தெரியும்.

டிசம்பர் இருபத்தைந்து. ஆட்சி மாறி மூன்றாவது வருஷம். நான் பிலோமினாள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற கூலியாள். எங்கள் சேரி மொத்தமும் வேதக்காரர்கள். மிராசுதாரும் வேதக்காரர்தான். ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் அவருடையது. கோயிலில் முதல் வரிசையில் அவருக்கென்று கை வைத்த நாற்காலி உண்டு. நடுவில் இரும்புக் கம்பி. அதற்குப் பின்னால், தரையில், நாங்கள்.

அந்தக் கம்பி எதற்கு என்று அந்தோணி கேட்டான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. பங்குச் சாமியார் பிரம்பை எடுத்தார். அன்றோடு கோயிலை விட்டான். சாமியையும் விட்டான். சிவப்புக்கொடிச் சங்கத்துக்குப் போனான்.

என் புருஷன் சவரிமுத்து அப்படி இல்லை. காலையில் செபம் சொல்லாமல் கஞ்சி குடிக்கமாட்டார். அந்த வருஷமும் குடில் கட்டினார். முந்தின நாள் சாயங்காலம் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து வாக்குவாதம் பண்ணினார்கள்.

"மிராசுக்குத்தான் மாமா இது பெருநாளு. நமக்கு முதுக நிமித்துற நாளு. அவ்ளோதான்."

"ஒனக்கு அவ்ளோதான் மாப்ள. எடமில்லன்னு எல்லாரும் வெரட்டி, மாட்டுக்கொட்டாய்ல ஒரு பொம்பள புள்ள பெத்தா. அது எனக்கு வெளங்குது. நம்ம வூட்டுக் கதை மாதிரி இருக்கு."

அந்தோணி நட்சத்திரத்துக்கு மூங்கில் சீவிக் கொடுத்தான்.

முன்பட்ட சம்பா விளைந்து நின்றது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டிருந்தோம். மிராசுதார் மறுத்தார். வெளியூர் ஆட்களை இறக்குவேன் என்றார். இறங்க விடமாட்டோம் என்றோம். ஒரு மாதமாக முறை வைத்து வயலைக் காத்தோம்.

அவர் நாள் பார்த்தார். நாங்கள் எல்லோரும் மண்டியிட்டிருக்கும் நாள்.

காலைப் பூசை. நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். அவர் மனைவி இருந்தாள். மகள்கள் இருந்தார்கள். நாற்காலி காலி. உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். நினைத்த கையோடு வாசலில் அந்தோணியின் குரல். பத்து வருஷமாக அந்தப் படியை மிதிக்காதவன்.

"அறுக்குறானுங்க! லாரில ஆள் எறக்கிட்டானுங்க! எல்லாரும் வாங்க!"

சாமியார் திரும்பினார்.

"பூசை நடக்குது. வெளிய போடா."

யாரும் அசையவில்லை. சாமியார் கையால் நன்மை அப்பம் இன்னும் வாங்கவில்லை. பாதியில் எழுந்து போனால் பாவம். முதலில் எழுந்தவர் சவரிமுத்து. சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் நான். பக்கத்து வீட்டு சூசையம்மாள். கார்த்திகையில் கல்யாணமான மரியதாஸ். இன்னும் பலர். மற்றவர்கள் மண்டியிட்டபடியே இருந்தார்கள். பயம்தான். பக்தி என்று பிறகு சொன்னார்கள்.

வரப்பில் மிராசுதார் நிற்கிறார். பூசைக்கு உடுத்தும் பட்டுக்கரை வேட்டி. கையில் கொக்கு சுடும் துப்பாக்கி. சுற்றிலும் வெட்டரிவாளோடு அடியாட்கள். வயலுக்குள் வெளியூர்க் கூலிகள் நிமிராமல் அறுக்கிறார்கள். அவர்களும் எங்களைப் போல வயிற்றுக்கு வந்தவர்கள்.

சவரிமுத்து கையில் ஒன்றும் இல்லை. நேராகப் போனார்.

"அய்யா, இன்னைக்குமா?"

டப்.

அவ்வளவுதான் அவர் பேசியது. நெற்கதிர்மேல் மல்லாந்தார். தூக்க ஓடிய சூசையம்மாளுக்குத் தலையில் வெட்டு. மரியதாசைக் களத்துமேட்டுக்குத் துரத்திப் போனார்கள். என்மேல் இறங்கிய அரிவாளை அந்தோணி கையால் பிடித்தான். பிறகுதான் வடிகால்.

மறுநாள் அடக்கம். சாமியார் வரவில்லை. பூசையை விட்டுக் கலகத்துக்குப் போனவர்களுக்குக் குழி மந்திரிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். மூன்று குழிகள். செபம் சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

போலீஸ் தேடியதால் அந்தோணி நாணலுக்குள் ஒளிந்திருந்தான். எழுந்து வந்தான். கட்டுப்போட்ட கையால் சிலுவை போட்டான். பரலோக மந்திரம் சொன்னான். மாதா மன்றாட்டு சொன்னான். சின்ன வயதில் படித்தது. ஒரு சொல் பிசகவில்லை.

"ஒனக்குத்தான் நம்பிக்கை இல்லியேடா," என்றேன்.

"மாமாவுக்கு இருந்துச்சுல்ல."

போலீஸ் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றது. மண் தள்ளி முடிந்ததும் அவனைப் பிடித்துப் போனது.

கோர்ட்டில் மிராசுதார் சொன்னார், நான் பூசையில் இருந்தேன் என்று. சாமியார் கூண்டில் ஏறினார். முன் வரிசையில் இருந்தார், கண்ணால் பார்த்தேன் என்றார். அந்தோணி கடவுள் பேரில் சத்தியம் செய்ய மறுத்தான். உறுதிமொழி மட்டும் சொன்னான். சாமியே இல்லை என்பவன் பொய் சொல்ல எதற்குப் பயப்படுவான் என்று மிராசுதாரின் வக்கீல் சிரித்தார். நான் வேதபுத்தகத்தைத் தொட்டுச் சொன்னேன். நாற்காலி காலியாக இருந்தது என்று.

"பூசையில சாமியப் பாக்காம நாற்காலிய ஏம்மா பாத்தே?" என்றார் அதே வக்கீல்.

நம்பாதவன் சொன்னதும் எடுபடவில்லை. நம்பினவள் சொன்னதும் எடுபடவில்லை. மிராசுதார் விடுதலை. சாமி இல்லை என்று மேடையில் பேசும் புது ஆட்சியின் உள்ளூர்த் தலைவர் அவர் வீட்டுக்குப் போனார். கேக் தின்றுவிட்டு வந்தார்.

கிறிஸ்துமஸ் என்றால் மன்னிக்கிற நாள் என்று இப்போதும் வந்து சொல்கிறார்கள். நான் மன்னிக்கவில்லை. அந்தக் கோயிலுக்கும் போகவில்லை. வீட்டில் செபம் சொல்கிறேன். யாருக்குச் சொல்கிறேன் என்பது என் பாடு.

இழந்ததைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

சவரிமுத்து. முப்பது வயது. நன்மை வாங்காமல் போனார். சூசையம்மாள். வயது அவளுக்கே தெரியாது. மரியதாஸ். இருபத்திரண்டு. அவன் பெண்டாட்டி ஒரத்தநாட்டுப் பக்கம் தாய் வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை. அந்தோணியின் இரண்டு விரல்கள். பூசைக்கு இடைஞ்சல், வயலில் கலகம் என்று அவன் ஜெயிலில் கழித்த மூன்று வருஷம்.

விளைந்த நெல் முழுவதும். அன்று சாயங்காலத்துக்குள் அறுத்துக் களம் சேர்த்துவிட்டார்கள். என் புருஷன் விழுந்த இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குக் கதிர் அறுபடாமல் கிடந்தது. வெளியூர்க் கூலிகள் அதைத் தொடவில்லை. மறுநாள் வேறு ஆள் விட்டு அதையும் அறுத்தார்கள்.