பாட்டு ஓடும் வரை

எனக்குப் பாட்டில் பெரிய நாட்டம் கிடையாது, ஐயா. வீட்டு வானொலிகூட மனைவியின் பிடிவாதத்தால் வந்ததுதான். அப்படிப்பட்டவன் ஒரு பாட்டைப் படமாக்க நேர்ந்ததைக் காலத்தின் கட்டாயம் என்றே சொல்வேன்.

சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசைகளுக்கு ஓட்டுக் கூரை வேண்டும் என்று பல ஆண்டுகள் மேடையேறி முழங்கியவன் நான். கோடை வரும், கூரை எரியும், நான் பேசுவேன், கூட்டம் கைதட்டிவிட்டுக் கலையும். அந்தக் கைதட்டல் ஒரு கீற்றைக்கூட ஓடாக மாற்றியதில்லை. பின்னர் மந்தைவெளியில் ஒரு தனியார் திரைப்படப் பயிற்சிக் கூடத்தில் மக்கள் தொடர்பியல் கற்பிக்கும் வேலை கிடைத்தது. எழுபத்துமூன்றில் சேர்ந்த மாணவர்களிடம் சொன்னேன்: "நீண்ட கதை வேண்டாம். கூரைக்கு ஓடு கேட்கும் ஒரே ஒரு பாட்டைப் படமாக்குவோம். பார்ப்பவன் உறங்கக் கூடாது."

நாங்கள் அவசரப்படவில்லை. ஆளில்லாத குடிசை ஒன்றைக் கட்டி, எரித்து, பாட்டோடு இணைத்து ஒரு மாதிரிப் படம் செய்தோம். அதைப் பலதரப்பட்ட மக்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்டோம். தியாகராய நகர் ஜவுளிக்கடை ஊழியர் விடுதியில் கணேசமூர்த்தி என்பவர் எழுந்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா கொட்டகையில இந்த மாதிரி எடத்துலதான் நாங்க முறுக்கு வாங்க வெளிய போவோம்" என்றார். விடுதியே சிரித்தது. மயிலாப்பூரில் பங்கஜம் என்ற அம்மையார் விசிறியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "யாருமே இல்லாத குடிசைதானே எரியறது? உள்ள ஒருத்தி இருந்தான்னா, இப்படிப் பாத்துண்டு உக்காந்திருப்பேனா?"

அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு ஒதுக்குவது ஆராய்ச்சிக்கு இழுக்கு.

வகுப்பில் நான் நடத்தும் கோட்பாடு ஒன்று உண்டு. செய்தி நேரே மக்களைச் சேர்வதில்லை. எவர் பேச்சை அவர்கள் மதிக்கிறார்களோ, அவர் வழியாகவே சேர்கிறது. ஆகவே குடிசைக்குள் இருப்பவள் கூலிக்கு வந்த நடிகையாக இருக்கக் கூடாது. அந்த ஆற்றோரத்தில் தண்ணீர்ச் சண்டை முதல் தாலிச் சண்டை வரை தீர்த்து வைத்தவள் தேவானை. மீன் விற்பவள். அவளைத் தேடிப் போனேன்.

"இன்னா நைனா, என்னைப் போயி ஆக்டரு ஆக்கறியா? இந்த மூஞ்சப் பாத்தா உன் மிசினு ரிப்பேராயிடும்" என்று சிரித்தாள்.

படப்பிடிப்பின் கட்டுப்பாட்டை அவளுக்கு விளக்கினேன். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும் வரை வாயசைப்பவர் நகரக் கூடாது. மற்ற எவரும் காமிராவின் பார்வைக்குள் நுழையக் கூடாது. பாட்டு நின்றால்தான் எல்லாம் நிற்கும். பின்பக்கக் கூரையில் தீ வைப்போம். நீ வாசலுக்கு உள்ளே நின்று வாயசை. பாட்டு நின்றதும் வெளியே வந்துவிடு. மாணவர்கள் தண்ணீர்ப் பீப்பாயோடு காத்திருப்பார்கள் என்றேன்.

"பாட்டு ஓட சொல்லோ வரக்கூடாது, நின்னா வந்துரணும். அவ்ளோதானே? எங்களுக்கு ஓடு வருமா, அத்தச் சொல்லு."

வரும் என்றேன். அதை நான் உண்மையாகவே நம்பினேன்.

புதிதாக ஒரு குடிசை கட்டி, மாலை வெயிலில் தொடங்கினோம். பாட்டு ஓடியது, கூரை பற்றியது, தேவானை பிசகாமல் வாயசைத்தாள். குறை ஒன்றே ஒன்று. அவள் முகத்தில் அச்சமில்லை. எங்கள் சொல்லை அவ்வளவு நம்பியிருந்தாள். அந்த முகத்தைப் பார்ப்பவன் நிச்சயமாக முறுக்கு வாங்கப் போய்விடுவான்.

ஒலிநாடாவைக் கவனித்துக்கொண்டிருந்த மாணவன் ராஜரத்தினம், "பாட்டு முடிஞ்சிடுச்சு சார், நிறுத்திடட்டா?" என்றான்.

"மறுபடி போடு" என்றேன்.

பல்லவி மீண்டும் ஒலித்தது. வெளியே வரக் காலெடுத்த தேவானை, பாட்டைக் கேட்டதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட பெண். முதல் சரணம் வரை வாயசைத்தாள். பிறகு அவள் உதடுகள் பாட்டை விட்டுவிட்டு வேறெதையோ சொல்லத் தொடங்கின. ஒலிபெருக்கியின் இரைச்சலில் அது எங்களுக்குக் கேட்கவில்லை. வாயசைப்பு தப்புகிறதே என்று மாணவர்கள் கவலைப்பட்டார்கள். பீப்பாய் அருகே நின்றவர்களும் பாட்டு ஓடுவதால் அசையவில்லை. ராஜரத்தினத்துக்கு மட்டும் புரிந்துவிட்டது. அவன் கை சுவிட்சை நோக்கிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்கூரை வாசலை மூடிக்கொண்டு விழும் வரை விடவில்லை.

இதை விபத்து என்று அவன் உங்களிடம் சொல்லியிருந்தால், ஆசிரியர் மீதுள்ள மரியாதையால் சொல்லியிருப்பான். விபத்தில்லை. அவள் பயப்படும் முகம் எனக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது. நீங்கள் கைப்பற்றிய படச்சுருளைக் கழுவிப் போட்டுப் பாருங்கள், ஒருவரும் எழுந்து போகமாட்டார்.

ஒரே ஒரு குறை. ஓடு கேட்கும் வரி கடைசிச் சரணத்தில் இருக்கிறது. முதல் சுற்றில் அந்த வரிக்கு அவள் முகத்தில் அச்சமில்லை, இரண்டாம் சுற்று அதுவரை போகவில்லை. அந்த வரி இல்லாமல் தேவானை செய்த தியாகத்துக்குப் பொருளில்லை. அவளுக்கு அடுத்தபடி அந்த மக்கள் யார் சொல்லைக் கேட்கிறார்கள் என்று காலையில் உங்கள் காவலரிடம் விசாரித்தேன். செண்பகம் என்றார். தேவானையின் மகளாம். நான் கூப்பிட்டால் வருவாளா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.