பரீட்சைக்கு வைத்த இதயம்

ஓய்வு பெற்ற பிறகு நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். மாலையில் சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுகிறேன். சீட்டு நண்பர்களிடம் நான் விட்ட கதைகளை அடுக்கினால் ஒரு மூன்று மாடி எழுப்பலாம். இது அந்தக் கணக்கில் வராது.

மருத்துவக் கல்லூரியின் இறுதித் தேர்வில் நிஜமான நோயாளிகளைப் படுக்கவைத்து, இவருக்கு என்ன நோய் என்று மாணவர்களைக் கேட்போம். நோயின் அடையாளங்கள் பளிச்சென்று தெரிகிற ஆள் கிடைத்துவிட்டால் பேராசிரியர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஒரு வருடம் எனக்கு வாய்த்ததெல்லாம் சொத்தை. வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் என் பிள்ளைகள் ஒன்பது பேரை வெட்டிச் சாய்த்தார். ஒன்பது பேரும் என் அறை வாசலில் நின்று அழுத அழுகையில் வராந்தாவில் ஓடம் விட்டிருக்கலாம்.

அடுத்த வருடமும் கத்தரிக்கோல்தான் தேர்வாளர். அப்போதுதான் என் வார்டில் ஒரு தையல்காரர் வந்து படுத்தார். இதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிருந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, பாரம் ஏற்றிய லாரி மேடேறுவதுபோல உருளும். எதிர்க் கட்டில்காரருக்குத் தூக்கம் கெட்டது என்றால்கூட நம்புவேன். அறுவை சிகிச்சை செய்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். சத்தம் போய்விடும். தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது.

"ரத்தத்துல ஒரு சின்ன விஷயம் சரியாகணும். ஆபரேஷனை ரெண்டு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்" என்றேன். அவர் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கும் அப்படியே எழுதி அனுப்பினேன்.

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தினமும் மாணவர்கள் வரிசையில் நின்று நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார்கள். ஒருநாள், "எல்லாரும் கேட்டுட்டுப் போறாங்க, எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுங்க டாக்டர்" என்றார். அவர் காதில் மாட்டிவிட்டேன். "அட, நம்ம மெஷின் மாதிரியே ஓடுது. எண்ணெய் விட்டா சரியாயிடும்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரித்தார். "வீட்டுல நான் கத்தினா கேக்க நாதியில்ல. இவரு நெஞ்சு முனகுறதக் கேக்க நாப்பது பேரு."

நல்ல மனிதர்கள்.

ஒரு குறைதான் இருந்தது. இந்த நோயில் நுரையீரலில் நீர் கோத்தால், காதருகே தலைமுடியை உரசுவதுபோல ஒரு மெல்லிய ஒலி கேட்கும். அதையும் கண்டுபிடிக்கிற மாணவனுக்குக் கத்தரிக்கோலே கை தட்டுவார். தையல்காரருக்கு அது இல்லை. நீர் பிரிக்கிற மாத்திரையை மனைவி வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு முந்தைய நாள் காலை, அந்த அம்மாள் துணி அலசப் போயிருந்த நேரம், கட்டிலோரத்து டப்பாவிலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரே ஒரு நாளைக்குத்தான். திரும்பிவந்து தேடியிருக்கிறார். தொலைத்தேன் என்றால் நர்ஸ் திட்டுவார் என்று வாயே திறக்கவில்லை.

மறுநாள் ஒலி அற்புதமாக இருந்தது. இரண்டு பேர் அதைச் சொல்லி மார்க்கை அள்ளினார்கள். மூன்றாவதாக வந்த மாணவி பாதியில் நிறுத்தினாள்.

"சார், இவருக்கு ரொம்ப மூச்சு வாங்குது. உதடு நீலமாகுது. முதல்ல ஆக்ஸிஜன் வெச்சிடலாம் சார்."

கத்தரிக்கோல் என்னைப் பார்த்தார். என் நோயாளி, நான்தான் சொல்ல வேண்டும்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்மா. முடிச்சிட்டு வை" என்றேன்.

முடித்தாள். அந்த வருடத்திலேயே அதிக மார்க் அவளுக்குத்தான். இப்போது கூட்டங்களில் என்னைப் பார்த்தால் வேறு கதவு வழியாகப் போய்விடுகிறாள். வேலை அதிகம் போலிருக்கிறது.

நண்பகலுக்குள் தையல்காரர் இறந்துவிட்டார். என் பிள்ளைகள் ஒருவர் விடாமல் தேறினார்கள். குறிப்பேட்டில், 'மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படவில்லை' என்று எழுதினேன். அதில் பொய் ஏதுமில்லை.

குற்ற உணர்வு இல்லாமல் இல்லை. அந்த நாலு நிமிஷத்தை இரண்டாக்கியிருக்கலாம் என்று இன்றும் படுகிறது.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தண்ணி மாத்திரையத் தொலைச்சிட்டேன் டாக்டர். ரெண்டு நாளா குடுக்கல. பயத்துல யாருகிட்டயும் சொல்லல. நான்தானே அவரக் கொன்னுட்டேன்?"

மேசை இழுப்பறையில் அந்த அட்டை இருந்தது. ஆறு மாத்திரை மிச்சம். எழுந்துபோய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. நானும் சொல்லமாட்டேன்" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனார். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை. இந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்த அம்மாளை நான் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.