பின் சீட்டின் பாரம்

இரவு பதினொன்று இருக்கும். மில்லுக்குப் பின்னால் போகிற சாலை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் முள்ளுக்காடு... விளக்கு கிடையாது. நடந்தது நம் வெல்டரின் பெரியப்பா மகனுக்கு. நம்பாதவர்கள் வெல்டரையே கேட்டுக்கொள்ளலாம். இதோ, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாரே.

அந்த அண்ணன் பைக் மெக்கானிக். அந்த நேரத்தில் அவர் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனது, தங்கை புருஷனின் வண்டியை. விடிந்தால் மாப்பிள்ளை அதில் தங்கையை ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறார். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால் பேச்சை மாற்றினார்.

சாயங்காலமே மெக்கானிக்குக்கு மனம் ஒப்பவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலைத் திருப்பியபோது ஓரிடத்தில் ‘டுக்’கென்று சிக்கியது. பலத்த அடி பட்டால் ஹேண்டில் பேரிங்கின் குண்டுகள், தாங்கள் உருளும் கிண்ணத்தில் குழி போட்டுவிடும். அடி படும்போது ஹேண்டில் எந்தப் பக்கம் இருந்ததோ, அப்புறம் அங்கேதான் சிக்கும்.

“எப்படி மாப்பிள்ளை அடி பட்டுச்சு?”

“நேராப் போய் பள்ளத்துல எறங்கிடுச்சு மச்சான்.”

“நேரா எறங்கினா நடுவுல சிக்கணும். இது இடப்பக்கம் ஒடிச்சாத்தானே சிக்குது?”

“பேரிங்கைப் பாத்து ஜோசியம் சொல்ற மொத ஆளு நீங்கதான்!” சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை வாசல் பக்கம் நகர்ந்தார்.

மெக்கானிக் பழைய கிண்ணத்தைத் தட்டிக் கழற்றினார். கிரீஸ் வாடை வரவில்லை. மூட்டுவலித் தைலம்... குப்பென்று.

போன மாதம்தான் மில் வாட்ச்மேன் அந்தச் சாலையின் சிறுபாலத்தருகே, இடது ஓரத்தில் செத்துக் கிடந்தார். இடித்துவிட்டுப் போன வண்டி எதுவென்று இன்றுவரை தெரியாது. முழங்காலுக்குத் தைலம் பூசாமல் வெளியே கிளம்பாத மனிதர்.

வாடையை வைத்துத் தங்கையின் வாழ்க்கையைக் கெடுக்க முடியுமா? வேலையைப் பார்த்தார். புது பேரிங் இறக்கினார். ஆட்டம் நிற்கும்வரை நட்டை இறுக்கி, ஒரு துளி தளர்த்தினார். விரலால் தட்டினால் போதும், ஹேண்டில் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு விழுந்தது. பின் சக்கரத்தைத் தாங்குகிற சுவிங்ஆர்முக்கும் புது புஷ் அடித்தார். கையால் ஆட்டிப் பார்த்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை.

அதைத்தான் இப்போது ஓட்டிப் பார்க்கிறார். சிறுபாலம் நெருங்கியது. ஹேண்டில் கனத்தது... மெல்ல, தானாகவே, இடப்பக்கம் திரும்பியது.

டுக்.

அப்படியே பிடித்துக்கொண்டது. எஞ்சின் அணைந்தது. இரண்டு காலையும் ஊன்றி நின்றார். காற்றே இல்லை. ஆனால் தைல வாடை மட்டும்... பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி.

திரும்பிப் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். மறுபடி பிரித்தார். சாயங்காலம் போட்ட புதுக் கிண்ணம். அதே இடத்தில், வரிசையாகக் குழிகள்.

கைவசம் இருந்த இன்னொரு பேரிங்கைப் போட்டு மூடிவிட்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

காலையில் மாப்பிள்ளையும் தங்கையும் பையோடு வந்தார்கள். வண்டி இன்னும் ஸ்டாண்டில்தான், முன் சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது. மாப்பிள்ளை பட்டறைக்குள் காலை வைத்ததும் அது அவர் பக்கம் திரும்பியது. அவர் மறுபக்கம் போனார். அதுவும் போனது.

“தங்கச்சி பஸ்ல வரட்டும்,” என்றார் மெக்கானிக்.

“ஏண்ணே, வண்டி சரியாகலையா?” என்றாள் தங்கை.

“வண்டி சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன மச்சான், ரெண்டு பேரைத் தாங்காதா?”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “தாங்கும். நீங்க முன்னாடி போங்க. அவளை நான் ஏத்தி விடறேன்.”

மாப்பிள்ளை மட்டும் கிளம்பினார். மில் சாலை வழிதான். தங்கை கையை ஆட்டினாள். மெக்கானிக் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட் காலிதான்... ஆனால் டயர் மட்கார்டைத் தொடுகிற அளவுக்கு, பின்னால் ஆள் ஏறிய வண்டியாக, அது அழுந்திப் போனது.