உடைந்த ஊசிப் பதிவேடு

ஒரு டஜன் குழந்தைச் சட்டையை எண்ணி முடிக்க நல்ல பேக்கிங் ஆளுக்கு ஏழு நொடி போதும், மேடம். எங்கள் கம்பெனியில் சத்தமாகத்தான் எண்ணுவார்கள். அயர்ன் டேபிள் நீராவியும் மின்விசிறிகளும் போடுகிற இரைச்சலில் மனசுக்குள் எண்ணினால் விட்டுப்போகும். முப்பது பேர் சேர்ந்து எண்ணும்போது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

ஆடி மாதம் சித்ரகலா பேக்கிங்கில் சேர்ந்த பிறகு அவள் டேபிளைச் சுற்றி எண்ணிக்கை எட்டோடு நிற்க ஆரம்பித்தது. எட்டு என்று சொல்லிவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்ப்பார்கள். திருநங்கையைக் கேலி செய்ய நம் ஊரில் எந்த எண்ணைச் சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். பேக்கிங் இன்சார்ஜ் கதிர்வேல், முதலாளிக்குச் சொந்தக்காரர், மரியாதை கொஞ்சமும் குறையாமல் கேட்பார்: "ஏனுங்க சித்ரகலா, எட்டுக்கு அப்பறம் என்னுங்க? நமக்கு மறந்து போச்சுங்க."

அவள் கையிலிருக்கும் சட்டையைக் கீழே வைக்க மாட்டாள். "ஒம்போதுங்க, பத்துங்க, பதினொண்ணுங்க, பன்னெண்டுங்க. டஜன் சரியாப் போச்சுங்களா, இல்ல மறுக்கா எண்ணட்டுங்களா?" என்பாள். சிரிப்பு பொசுக்கென்று அடங்கிவிடும். மறுநாள் மறுபடியும் எட்டில் நிறுத்துவார்கள். மறுபடியும் அவள் முடித்துவைப்பாள்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். தாள் கேட்டது நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. அழுகிற ஆளும் நான் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் அக்ஷரா, வயது இருபத்தாறு. அந்தக் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். அப்பா சுடலை, சங்கரன்கோவில் பக்கம் செங்கல் சூளையில் வேலை. எங்கள் வீட்டில் ரேகை உருட்டாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். டிகிரி வாங்கிய முதல் ஆளும் நான். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களின் விதிகளைக் கம்பெனி ஒழுங்காகப் பின்பற்றுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதில் முக்கியமானது உடைந்த ஊசிப் பதிவேடு. தையல் மிஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுக்க வேண்டும். எடுத்த துண்டுகளைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்து, செல்லோடேப் ஒட்டி, முழு ஊசி சேர்ந்ததா என்று பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு முனை குறைந்தாலும் லைன் ஓடாது. குழந்தைகள் போடுகிற துணி, அதனால். அந்தப் பதிவேடு என் மேஜை டிராயரில் இருக்கும். சாவி என்னிடம்.

இனி வரும் சில வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நானும் திருநங்கைதான். கம்பெனியில் யாருக்கும் தெரியாது. லேடீஸ் ஹாஸ்டலில் தெரியாது. என் குரலும் உயரமும் எனக்கு ஒத்துழைத்தன. அறுவைச் சிகிச்சை முடிந்து ஆட்டோவில் படுத்தபடி நான் வந்து இறங்கியது மண்ணரையில் சித்ரகலாவின் ஒற்றை அறைக்கு. நாற்பது நாள் வெளியே வரக்கூடாது, தலை சீவக்கூடாது, கண்ணாடி பார்க்கக்கூடாது என்பது எங்கள் முறை. அவள் தன் அறையிலிருந்த ஒரே கண்ணாடியைத் துணி சுற்றி அரிசி டின்னுக்குள் போட்டுவைத்தாள். வெந்நீர் ஊற்றினாள், கழுவிவிட்டாள், வலியில் நான் அவள் கையைக் கடித்தபோது கையை எடுக்கவில்லை. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, புடவை கட்டிவிட்டு, அந்தக் கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதன்பிறகு ஆதாரில் என் பெயரும் பாலினமும் மாற ஆபீஸ் ஆபீஸாகக் கூட வந்ததும் அவள்தான். அவளுடையதை மாற்ற அவளுக்கு நேரம் வரவில்லை. அதில் இன்னும் ஆண் என்றுதான் இருக்கிறது, சொந்த ஊர் கொமரலிங்கம் விலாசத்தோடு.

கார்டு கைக்கு வந்த வாரம் அவளிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். போன் நம்பரையும் மாற்றினேன். மூன்று வருஷம் கழித்து அவள் எங்கள் பேக்கிங் செக்ஷனில் வந்து நிற்கிறாள். வாஷ்பேசின் அருகில் யாரும் இல்லாதபோது, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "பயப்படாத கண்ணு. உன்ன எனக்குத் தெரியாது, என்ன உனக்குத் தெரியாது. நல்லா இரு."

சொன்னபடியே இருந்தாள். எல்லோரையும்போல என்னை மேடம் என்றாள். ஒருநாள் எட்டில் நிறுத்தும் விளையாட்டின்போது நான் அங்கே நின்றிருந்தேன். கதிர்வேல் என்னைப் பார்த்து, "மேடம் மட்டும் சிரிக்கவே மாட்டேங்கறாங்க பாருங்க" என்றார். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். மறுபடியும் குழாயடியில் சித்ரகலா சொன்னாள்: "சிரிச்சது நல்லதுதான் கண்ணு. சிரிக்காம இருந்தாத்தான் சந்தேகப்படுவாங்க."

கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நாற்பது நாள் என்னைச் சுமந்தவள், இப்போதும் இறக்கிவைக்க மாட்டேன் என்கிறாள்.

அடுத்தது கேன்டீன். அன்று தக்காளி சாதம். கதிர்வேல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சித்ரகலா தட்டோடு வருவதைப் பார்த்துவிட்டு, "புள்ளைகளா, அவங்க பக்கத்துல உக்காராதீங்க, ஒட்டிக்குமாமா" என்றார். கேன்டீன் முழுக்கச் சிரித்தது. சித்ரகலா நின்றாள்.

"ஒட்டறதா இருந்தா உங்களுக்கு எப்பவோ ஒட்டியிருக்கோணுமுங்க. எங்காளுக உங்க பக்கத்துல உக்காந்து சோறு திங்கறதே உங்களுக்குத் தெரியாதுங்க. இதுல எங்கள வேற கண்டுபுடிக்கறீங்களாக்கும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். சொன்ன வேகத்தில் அவள் முகமே மாறிப்போனது. ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. கதிர்வேல் விட்டுவிடுகிற ஆள் இல்லை. "அப்ப இங்க இன்னொண்ணு இருக்குதுங்கறீங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு டேபிளாகப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து அது கம்பெனி முழுக்க விளையாட்டாகிவிட்டது. யார் தொண்டை எப்படி இருக்கிறது, யார் பாதம் எத்தனை நீளம், யார் துணி மாற்றும்போது கதவைத் தாழ் போடுகிறாள். ஹாஸ்டலில் என் அறைத் தோழி தேஜஸ்ரீ, அவளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், கம்பெனி வேனில் என் உள்ளங்கையோடு தன் உள்ளங்கையை ஒட்டிவைத்துப் பார்த்தாள். "அய்யோ அக்கா, உங்க கை என்னக்கா இவ்ளோ பெருசு, அந்த இன்னொரு ஆளு நீங்கதானா?" என்று சொல்லிச் சிரித்தாள். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையை உடனே இழுக்கக்கூடாது என்று யோசித்து, மூன்றுவரை எண்ணிவிட்டு இழுத்தேன்.

சித்ரகலாவிடம் கேட்டுப் பார்த்தேன். வேலையை விட்டுப் போய்விடு என்றேன். "எங்க போறது கண்ணு? மறுபடியும் கடை கடையாக் கை தட்டிக்கிட்டா? பி.எஃப். புடிக்கற வேல, என் ஆயுசுல இதுதான் மொதல் தடவ. என்ன சொன்னாலும் பதில் சொல்லிட்டு இருந்துக்குவேன்" என்றாள்.

அதுதான் பிரச்சினை. அவள் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவர்கள் என்னை நோக்கி ஒரு அடி வைப்பார்கள். நானே வேலையை விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாரம் விட்டிருந்தால் எல்லோருக்கும் விடை கிடைத்திருக்கும்.

அப்புறம் நான் செய்தது சிக்கலான காரியம் ஒன்றும் இல்லை. பதிவேட்டின் பழைய பக்கம் ஒன்றில், பங்குனி மாதத்தது, செல்லோடேப்பைப் பிரித்து ஊசி முனை ஒன்றை எடுத்தேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. டேப்பைப் பழையபடி ஒட்டினேன். சட்டை போடுகிற ஒவ்வொரு பாலிபேக்கிலும் அதை பேக் செய்தவரின் எண் இருக்கும். அவள் எண் முப்பத்தொன்று. சாம்பிள் பார்க்கிற சாக்கில் அவள் பேக் செய்த ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து, கழுத்து மடிப்பில் முனையைச் செருகித் திருப்பி வைத்தேன். ஆறு மாதக் குழந்தைக்கான அளவு. குழந்தைக்கு ஆபத்து வந்திருக்காது, மேடம். பேக்கெட் எல்லாம் மெட்டல் டிடெக்டர் வழியாகத்தான் போகும். அந்த மிஷின் சரியாக வேலை செய்கிறது என்று அன்று காலை சோதித்துக் கையெழுத்துப் போட்டதே நான்தான். என் வேலையில் நான் எப்போதும் கவனம்.

பதினொரு மணிக்கு மிஷின் கத்தியது. பேக்கெட்டைப் பிரித்தார்கள், முனை கிடைத்தது, எண் முப்பத்தொன்று. ஷிப்மென்ட் நின்றது. வஞ்சம் வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள் என்றார் கதிர்வேல். உடம்பில் வேறு ஏதாவது ஊசி ஒளித்துவைத்திருக்கிறாளா என்று சோதிக்க வேண்டும் என்றார்கள்.

நான் கணக்குப் போட்டது வேலை போவதோடு முடியும் என்றுதான். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஏனென்றால் அடுத்தது கணக்கில் இல்லாதது, அதையும் நானே செய்தேன்.

பெண்களைப் பெண் காவலாளிதான் சோதிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தமிழில் எழுதி கம்பெனி கேட் அருகில் ஒட்டியவள் நான். காவலாளி கருத்தம்மா, "நான் தொட மாட்டேனுங்க, எனக்கு என்னமோ பண்ணுதுங்க" என்று நகர்ந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், நீங்க படிச்சவங்க, நீங்களே பாத்துடறீங்களா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதிர்வேலும் பார்த்தார். சரி என்ற ஒரு வார்த்தை. ஐந்து நிமிட வேலை. எனக்கு அவள் உடம்பும் அவளுக்கு என் உடம்பும் தெரியாதது இல்லை. ஆனால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், ஏன் இவள் மட்டும் கூசாமல் போகிறாள் என்று ஒருவராவது யோசிப்பார். நான் அவளுடைய ஃபைலைக் கொண்டுவரச் சொன்னேன். ஆதார் நகலைப் பார்த்தேன். "ரெக்கார்டுல ஆண்னுதான் இருக்கு. ஆண் காவலாளிங்க பாக்கலாம்" என்று சொன்னேன். அனுமதிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். நீங்கள் கைப்பற்றிய கோப்பில் அது இருக்கும். நீல மை.

இரண்டு பேர் அவளைத் துணி ஸ்டோருக்குள் கூட்டிப்போனார்கள். மூன்றாவதாகக் கதிர்வேலும் போனார். அவருக்கு அனுமதி கிடையாது. நான் தடுக்கவில்லை. கதவுக்கு வெளியே படிவ அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் கேட்டது. அழவில்லை, திட்டவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள். ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்துப் பன்னிரண்டு வரைக்கும், மறுபடியும் ஒண்ணிலிருந்து. இடையில் எங்கேயும் நிறுத்தவில்லை. இருபது நிமிடம். எத்தனை டஜன் என்று நான் கணக்கு வைக்கவில்லை.

வெளியே வந்தபோது பேக்கிங் கோட்டின் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்றாக மாட்டியிருந்தன. என் முன்னால் வந்து நின்றாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். பேனாவுக்குக் கை நீட்டினாள். "மேடம், கையெழுத்து எங்கீங்க போடோணும்?" என்று கேட்டாள்.

காட்டினேன். போட்டுவிட்டுப் போய்விட்டாள், அதன்பிறகு வேலைக்கு வரவில்லை. மறுவாரம் ஆள் தேடும் விளையாட்டும் இல்லை, எட்டு விளையாட்டும் இல்லை. பேக்கிங்கில் பன்னிரண்டு வரை தடையில்லாமல் எண்ணினார்கள். இன்னொரு ஆள் யார் என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். நான் நினைத்தது நடந்தது.

அவள் உங்களிடம் மனு கொடுத்ததற்காக நான் இதை எழுதவில்லை. நேற்று அந்த மனுவை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கதிர்வேல் பெயர் இருந்தது, காவலாளிகள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. என் பெயர் ஒரே ஒரு இடத்தில்: "அக்ஷரா மேடம் நல்லவங்க, ரூல்படி கையெழுத்துப் போட்டாங்க, அவங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல." நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் காதில் விழவில்லை. அந்த முனை யார் டிராயரிலிருந்து வந்திருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எழுதியிருக்கிறாள். நாற்பது நாளை இழுத்துக்கொண்டே போகிறாள். எனக்கு அது வேண்டாம். அதனால்தான் தாள் கேட்டேன்.

பங்குனிப் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள், செல்லோடேப்புக்குள் முனையின் இடம் காலியாக இருக்கும். முனையை வைத்தவள் நான். ஆண்களிடம் அனுப்பியவள் நான். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவளும் நான். என்ன தண்டனையோ கொடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பென்சில் கோடு போட்ட வரிகளை, டைப் அடிக்கும்போது விட்டுவிடச் சொல்லுங்கள். அவை இல்லாமலும் படித்துப் பார்த்தேன், கோர்வையாகத்தான் இருக்கிறது. ஏன் செய்தாள் என்று கேட்டால், திமிர் பிடித்தவள், மனசாட்சி இல்லாதவள் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மற்றபடி நான் எதையும் மறைக்கவில்லை.