கடைசி ஃபாரம்

உட்கார்ந்தே சொல்கிறேன், முதலாளி. முப்பது வருடம் குனிந்து மெய்ப்புத் திருத்திய முதுகு, அதிக நேரம் நிற்க விடாது.

கிடங்கில் கிடைத்த கட்டுகளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அவை என் தங்கையின் முதல் நாவலுடைய கடைசி ஃபாரம். ஒரே தாளில் அடித்து மடிக்கிற பதினாறு பக்கம், ஆயிரம் பிரதிக்கும் அச்சானவை. பைண்டரிடம், "கடைசி ஃபாரம் வேணாம், எழுதினவங்களே எடுத்துடச் சொல்லிட்டாங்க" என்று சொன்னது நான்தான். கடைசி அத்தியாயம் சரியாகப் புது ஃபாரத்தில் தொடங்கும்படி பக்கம் அமைத்ததும் நான்தான். என் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

நம் வாசகப் பெருமக்களின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பொருளடக்கத்தில் இருபத்துநான்கு அத்தியாயம், உள்ளே இருபத்துமூன்று. ஒருவராவது எண்ணிப் பார்க்க வேண்டுமே. நீங்களும் சேர்த்திதான், தான் போட்ட புத்தகத்தைத் தானே படிக்கிற வழக்கம் எந்தப் பதிப்பாளருக்கு இருக்கிறது? காணாமல் போன கணவனை நாவல் முழுக்கத் தேடுகிறாள் ஒரு நர்ஸ். அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள், புத்தகம் முடிந்துவிடுகிறது. ஏமாற்றம், முடிக்கத் தெரியவில்லை, முதல் நாவல்தானே போகட்டும் என்று கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். ஒரு பேராசிரியர் மட்டும், முடிவு இல்லாததே முடிவு என்று மூன்று பக்கத்துக்கு அளந்திருந்தார். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். நானும் இருபது வருடமாக ஒரு நாவல் எழுதினேன், நீங்கள் மூன்று முறை திருப்பிக் கொடுத்தீர்கள். அவளுடைய கடைசி அத்தியாயத்தைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் புத்தகத்திலேயே இவ்வளவு புகழ் வந்தால் தலைக்கனம் ஏறிவிடும் என்ற கவலைதான்.

புத்தகம் வருவதற்குள் அவளுக்குப் பார்வை முழுதாகப் போயிருந்தது. அட்டையைத் தடவிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், அவ்வளவுதான். கடிதங்களை நான்தான் படித்துக் காட்டினேன். அந்தப் பேராசிரியருடையதைத் தவிர ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

"அண்ணா, கடைசி அத்தியாயத்த இன்னொரு தடவ படியேன். எங்க சொதப்பினேன்னு பாக்கறேன்" என்றாள் ஒருநாள். கையெழுத்துப் பிரதியை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தேன்.

"நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் எல்லாரும் இப்படிச் சொல்றாங்க?"

"படிக்கிறவங்களுக்கு உங்கிட்ட பொய் சொல்லணும்னு என்னம்மா இருக்கு?"

தேம்பித் தேம்பி அழுதாள். பார்வை மங்கிய நாட்களில் பெரிய பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த இரண்டாவது நாவலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "கிழிச்சுப் போட்டுடுண்ணா. இனிமே எனக்கு இந்த எழுத்தே வேணாம்."

கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. போன வருடம் என் பெயரில், என் முதல் நாவலாக, நீங்கள் போட்டீர்களே, அதுதான். இப்போது மூன்றாம் பதிப்பு. அதே வாசகப் பெருமக்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

தங்கைக்கும் ஒரே சந்தோஷம். தனக்கும் படித்துக் காட்டச் சொல்லி நச்சரித்தாள். அவள் எழுதியதை அவளிடமே எப்படிப் படிப்பது? நீங்கள் திருப்பிக் கொடுத்த என் நாவலை எடுத்து, இதுதான் அது என்று ஒரு வாரம் படித்துக் காட்டினேன். முடித்ததும் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதியிருக்கண்ணா" என்றாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நல்ல எழுத்தைக் காதில் கொண்டுபோய் ஊற்றினாலும் தெரியவில்லை அவளுக்கு. இப்படிப்பட்டவளை மேற்கொண்டு எழுதவிட்டு அவமானப்பட வைக்காமல் காப்பாற்றியிருக்கிறேன், முதலாளி.