தொட்டிலில் கிடந்த கறுப்புத் துண்டு

— மெதுவாப் பேசு பானு. உங்கம்மா காதுல விழுந்துரப் போகுது.

— அம்மா பிள்ளையத் தூக்கிக்கிட்டு இளவெயில் காட்ட வாசலுக்குப் போயிருக்கா. நீங்க ஏன் இப்படி வேர்த்து ஒழுகுறீக?

— தொப்புள்கொடி காஞ்சு விழுந்து, புண்ணு ஆறுற வரைக்கும் மாப்ளை பிள்ளையத் தொடக்கூடாது, வெடிமருந்துக் கைன்னு உங்கம்மா சொன்னாகளா இல்லையா?

— சொன்னா. இப்ப அதுக்கென்ன?

— நானும் பட்டாசுக் கம்பெனி விட்டு வந்ததும் குளிச்சு, சட்டைய மாத்தி, கையச் சோப்புப் போட்டுத் தேய் தேய்னு தேய்க்கேன். ரேசன் கடையில ரேகை வச்சா மிஷினு “யாரு நீ”ங்குது.

— சொல்ல வந்ததச் சொல்லுங்க.

— இப்பத் தொட்டிலுக்குள்ள எட்டிப் பாத்தேன். வெறுந்தொட்டில்தான். துணி மேல ஒரு துண்டுத் திரி கெடக்கு தாயி.

— பட்டாசுத் திரியா!

— கத்தாத. என் மேலருந்துதான் விழுந்திருக்கணும். உங்கம்மா கண்ணுல பட்டிருந்தா நான் பிள்ளையத் தூக்குன மாதிரிதான். மக காலேஜுக்குப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல நின்னு டாட்டா காட்டிக்கிட வேண்டியதுதான்.

— எடுத்து என்ன செஞ்சீக?

— கம்பெனியில கீழ கெடக்குற திரிய என்ன செய்வோம்? தண்ணி வாளியில முக்குவோம். கை தானாப் போயிருச்சு. பிள்ளைத்துணி ஊற வச்ச வாளியில போட்டு, சாக்கடையோட போகட்டும்னு தண்ணியோட வாறுகால்ல ஊத்திட்டேன்.

— பாக்க எப்படி இருந்துச்சு?

— திரி எப்படி இருக்கும்? கறுப்பா, விரக்கடை நீளத்துக்கு, காஞ்சு முறுக்கிக்கிட்டு.

— அடப் பாவி மனுசா! அது பிள்ளையோட கொடிங்க!

— என்னது?

— நர்ஸம்மா என்ன சொன்னாக? எண்ணெய் வேண்டாம், சாம்பல் வேண்டாம், பவுடர் வேண்டாம், ஈரம் படாமப் பாத்துக்கோங்க, புடிச்சு இழுக்காதீக, காத்தாட விட்டா கறுத்துக் காஞ்சு தானா விழும்னு சொல்லல?

— சொன்னாக. எங்க போர்மேன் வெடிமருந்துக்குச் சொல்றதும் அதேதான். அப்ப... அது திரி இல்லையா?

— இல்ல!

— அப்ப என் மேல தப்பே இல்ல!

— பெத்த பிள்ளை கொடி வாறுகால்ல போய்க்கிட்டிருக்கு, சந்தோசத்தப் பாரு! அதத் தாயத்துல வச்சு இடுப்புல கட்டணும்னு அம்மா வெள்ளியில வாங்கி வச்சிருக்கா. தொலைச்சது நீங்கன்னு தெரிஞ்சா அந்த டாட்டாவும் கெடையாது.

— ஒரு யோசனை. கோவப்படாமக் கேளு. கம்பெனியில அதே கறுப்புல, அதே நீளத்துல...

— எம் மக இடுப்புல திரியக் கட்டப் போறீகளா?

— ஒரு நுனிதான தாயி. தாயத்துக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா?

— தீவாளிக்கு அவள வீட்டுக்குள்ள வைக்கவா, வெளிய வைக்கவா? இப்படி ஒரு ஏமாத்து வேலைய எங்க வம்சத்துலயே எவளும் செஞ்சதில்ல.

— ஏ, உங்கம்மா வாராக! நான் கதவுக்குப் பின்னால நிக்கேன். நீ மூஞ்சியச் சாதாரணமா வை.

— ஒரு ஆம்பள ஒளியிற எடத்தப் பாரு... வாம்மா. பிள்ளை தூங்கிட்டாளா?

— தூங்குறா. ஏ பானு, டயப்பர இம்புட்டு மேல ஏத்திக் கட்டியிருக்க? கொடியில உரசுதுல்ல, கீழ மடிச்சு விடு.

— கொடியா? அது... இன்னும் இருக்கா?

— இருக்காம எங்க போகும்? அது விழ இன்னும் ரெண்டு நாளாகும். ஆமா, மாப்ளை இங்கன இல்லேல? அது எங்கயாவது விழுந்து தொலைஞ்சு போனா, சின்னதுல உன் தாயத்துல வச்ச மாதிரியே இவ தாயத்துலயும் வச்சிரலாம்னு ஒரு துண்டுத் திரிய வெட்டித் கைக்குத் தோதாத் தொட்டில் துணி மடிப்புல சொருகி வச்சிருந்தேன்டி, அதக் காணோமே!